சுவிட்சை அணைக்காதீங்க: சொந்தமாக வலைத்தளம் வைத்திருந்தவர்களின் கதை

போன ஞாயிற்றுக்கிழமை என்னுடைய வெப்சைட் நாலு மணி நேரம் படுத்துவிட்டது. ஹேக்கர் யாரும் காரணமில்லை, அம்மாதான். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல மிக்ஸியை மாட்டி தேங்காய்ச் சட்னி அரைச்சிருக்காங்க. அந்தப் பெட்டிதான் ராஸ்பெரி பை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். என் வலைத்தளம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. சட்னி முடிந்த பிறகும் திரும்ப மாட்ட யாருக்கும் தோணலை. சாயங்காலம் நான் வந்து பார்க்கிற வரைக்கும் உலகத்தில் ஒரு ஆள்கூட "உங்க சைட் திறக்கலையே"ன்னு கேட்கவும் இல்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

அன்றைக்கு ராத்திரியே ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: "இது சர்வர். அணைக்காதீங்க." ஒட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, இதே சீட்டை இதற்கு முன்னால் ஒருத்தர் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சேர்ன் ஆய்வு மையத்தில், 1990ஆம் ஆண்டு இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் நெக்ஸ்ட் என்ற கறுப்பு நிறக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. உலகின் முதல் வலைத்தளம் ஓடியது அதில்தான். யாராவது கரண்ட் வீணாகிறதே என்று நல்ல மனசோடு அணைத்துவிட்டால் அன்றைய வலை மொத்தமும் அணைந்துவிடும். அதனால் இந்த இயந்திரம் ஒரு சர்வர், அணைக்கக் கூடாது என்று கையால் எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டிவைத்தார். அதிலும் சிவப்பு மையில். அவர் எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கலாம், அதே ஜன்னலில் திருத்தி எழுதவும் செய்யலாம். படிக்கிறவர், எழுதுகிறவர் என்று இரண்டு சாதி இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. பிற்பாடு பரவலான பிரவுசர்கள் எல்லாம் எழுதும் வசதியைக் கழற்றிவிட்டன. நாம் வெறும் பார்வையாளர்கள் ஆனோம்.

இன்றைய எபிசோட் அப்படி பார்வையாளராக மட்டும் இருக்க மறுத்தவர்களைப் பற்றி. பெரிய கம்பெனி தொடங்கியவர்கள் இல்லை. ஆபீஸ், ஸ்கூல், காலேஜ் முடித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஒரு பக்கத்தின் பின்னணி நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தவர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்களுக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டுமென்றால் ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வகத்திலோ கணக்கு இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களின் முகவரியில் உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு வளைந்த கோடு வரும். டில்டே. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்தக் கோட்டுக்கு "வீடு" என்று அர்த்தம். அதாவது, இந்தப் பெரிய மெஷினுக்குள் இந்த ஆளுடைய மூலை. ஏன் அந்தக் குறி என்று தேடிப்போனால் பழைய டெர்மினல் ஒன்றில் வந்து நிற்போம். எழுபதுகளில் வந்த ஏடிஎம்-3ஏ என்ற கருவியின் கீபோர்டில் டில்டேயும் "ஹோம்" என்ற சொல்லும் ஒரே விசையில் அச்சிடப்பட்டிருந்தன. அவ்வளவுதான் காரணம்! யாரோ ஒரு இன்ஜினியர் இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்தார். இருபது வருஷம் கழித்து உலகமெங்கும் மாணவர்கள் தங்கள் வீட்டு வாசலில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு மாணவர் ஜஸ்டின் ஹால். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்தவர். 1994 ஜனவரியில் தன் பக்கத்தைத் தொடங்கி, தனக்குப் பிடித்த இணைப்புகளில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வாழ்க்கையையே அதில் கொட்டினார். வலைப்பதிவு என்ற சொல் பிறப்பதற்கு முன்பே வலைப்பதிவு எழுதியவர் என்று அவரைச் சொல்வதுண்டு.

சரி, கல்லூரிக் கணக்கு இல்லாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் ஜியோசிட்டீஸ் வருகிறது.

1994இல் கலிபோர்னியாவில் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் வைத்த பெயர் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட். அவர்கள் செய்த காரியம் எளிமையானது. யாருக்கும் இலவசமாகக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். ஆனால் "இந்தா, இத்தனை மெகாபைட்" என்று கொடுக்காமல், ஒரு ஊர் மாதிரி பிரித்துக் கொடுத்தார்கள். ஊருக்குள் பேட்டைகள். சினிமா என்றால் ஹாலிவுட். கம்ப்யூட்டர் என்றால் சிலிக்கான் வேலி. பறக்கும் தட்டு, அறிவியல் புனைகதை எல்லாம் ஏரியா 51. வீடு, குடும்பம், வளர்க்கிற நாய் என்றால் ஹார்ட்லேண்ட். கல்வி, இலக்கியம், தத்துவம் என்றால் ஏதென்ஸ். நீங்கள் பேட்டையைத் தேர்ந்தெடுத்து, தெருவில் நடந்துபோய், காலியாக இருக்கிற கதவு எண்ணைப் பிடித்துக் குடியேற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று எட்டிப் பார்க்கலாம். பேட்டைக்குப் பெரியவர் மாதிரி தன்னார்வலர்கள் இருந்தார்கள். புதுசாக வந்தவர்களுக்கு எச்டிஎம்எல் சொல்லிக்கொடுப்பார்கள்.

இப்போது அந்தப் பக்கங்களின் படங்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஊதா பின்னணியில் மஞ்சள் எழுத்து, சுழலும் பூமி உருண்டை, மண்வெட்டி பிடித்த மஞ்சள் தொப்பிக்காரர், "வேலை நடக்கிறது" பலகை. எனக்கு அந்தப் பலகை மேல் தனிப் பிரியம். இன்றைய ஆப் எதிலும் ஒரு மனுஷன் வந்து "நான் இன்னும் முடிக்கலை, மன்னிச்சுக்கோங்க, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்வதில்லை. வீடு கட்டுகிறவர்தான் அப்படிச் சொல்வார்.

கற்றுக்கொண்ட விதமும் அப்படித்தான். பிடித்த பக்கத்தைத் திறந்து, மூலக்குறிப்பைப் பார்த்து, அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்று. எது உடைகிறது என்று பார். உடைந்தால் ராத்திரி முழுக்கத் தேடு, ஒரு மூடாத அடைப்புக்குறியாக இருக்கும். கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்பலகை, அதில் பாதி வருகை நாமே ரிஃப்ரெஷ் அடித்ததாக இருக்கும். வந்தவர்கள் கையெழுத்துப் போட விருந்தினர் புத்தகம். பிறகு வெப்ரிங்: ஒரே ஆர்வம் உள்ள தளங்கள் கைகோத்து நிற்கிற வட்டம், "அடுத்தது" என்று அழுத்தினால் அடுத்த வீடு. கூகுள் இல்லாத காலத்தில் இப்படித்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். இதை உருவாக்கிய ஸேஜ் வைல் அப்போது பதின்ம வயதுப் பையன். பிற்பாடு அவரே ஸெஃப் என்ற சேமிப்பு மென்பொருளை எழுதினார். இன்றைக்குப் பெரிய தரவு மையங்கள் அதில் ஓடுகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கியவர்களை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது.

இப்போது ஏதென்ஸ் பேட்டைக்கு வாங்க. அங்கே ஒரு தமிழ் வீடு இருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அங்கே தமிழ் மின்நூலகம் என்ற பக்கத்தை வைத்திருந்தார். அவர் ஏற்கெனவே "மயிலை" என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். 1998 பொங்கலையொட்டி மதுரைத் திட்டம் தொடங்கியபோது அதன் தலைவரும் அவர்தான். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் பிழை பார்த்து, வலையில் ஏற்றினார்கள். பகலில் வேதியியல், ராத்திரி இலக்கியம். இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் பக்கம் வைத்திருந்தவருக்கு இல்லாத ஒரு தலைவலி தமிழில் வைத்திருந்தவருக்கு இருந்தது. எழுத்து. யூனிகோடின் முதல் பதிப்பில், 1991லேயே, தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் சாதாரண கம்ப்யூட்டரில் அது வேலை செய்யவில்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோட் வந்ததே விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பியில்கூட ஒரு டிக் அடித்து, விண்டோஸ் சிடியை உள்ளே போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதுவரை என்ன செய்தார்கள்? ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து ஒரு எழுத்துருவைச் செய்தார்கள். ஆளுக்கு ஒன்று. ஒரு தளத்தில் "க" இருக்கும் எண்ணில் இன்னொரு தளத்தில் "ப" இருக்கும். ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் தலையிலும் "முதலில் இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. டயல்-அப்பில் இறக்கி, சரியான ஃபோல்டரில் போட்டு, பிரவுசரை மூடித் திறந்தால்தான் வாசல் திறக்கும். இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஆர்வலர்கள் மடலாடல் குழுவில் மாதக்கணக்கில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்று இன்னும் இரண்டைத் தந்தது. குழப்பம் தீர வந்த ஒவ்வொன்றும் குழப்பத்தில் ஒன்றைக் கூட்டியது என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மறுபக்கம், ஊருக்கு உரிமையாளர் மாறினார். 1999 ஜனவரியில் ஜியோசிட்டீஸை வாங்குவதாக யாஹூ அறிவித்தது. ஏறக்குறைய 357 கோடி டாலர் மதிப்பு, பங்குகளாக. அந்த விலை எதற்கு? கட்டடத்துக்கா? சர்வருக்கா? குடியிருந்தவர்கள் இலவசமாகக் கட்டிய வீடுகளுக்குத்தானே. சில மாதங்களில் புது விதிமுறை வந்தது. உங்கள் பக்கத்தில் உள்ளதை எங்கள் விருப்பப்படி, காலவரையின்றிப் பயன்படுத்துவோம் என்று படிக்கும்படியான வாசகம். குடியிருந்தவர்கள் கொதித்தார்கள். பலர் தங்கள் பக்கங்களின் நிறத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துச் சாம்பல் ஆக்கினார்கள், ஊரே ஆவி பிடித்த மாதிரி. யாஹூ சீக்கிரமே பின்வாங்கியது. ஆனால் நிலம் யாருடையது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேட்டைப் பெயர்களையும் மெல்ல ஓரம்கட்டினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வெறும் பயனர் பெயர் முகவரி.

2009 ஏப்ரலில், மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அக்டோபர் 26இல் அமெரிக்க ஜியோசிட்டீஸ் அணைந்தது. இந்த முறை சீட்டு ஒட்ட யாரும் இல்லை.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு கூட்டம் தூங்காமல் வேலை பார்த்தது. ஜேசன் ஸ்காட் என்பவர் அந்த வருஷத் தொடக்கத்தில் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கியிருந்தார். அவர்கள் வீட்டு கம்ப்யூட்டர்களில் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டு, தெருத் தெருவாகப் போய் அள்ளினார்கள். இலவசப் பக்கங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் தரவு போகலாம் என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் கதவு சாத்திக்கொள்ளும், காத்திருந்து திரும்பப் போக வேண்டும். 2010இல் அள்ளியதை டாரன்ட்டாக வெளியிட்டார்கள்: சுருக்கிக் கட்டிய நிலையிலேயே 640 ஜிபிக்கு மேல். இன்டர்நெட் ஆர்க்கைவும் தன் பங்குக்கு எடுத்துவைத்தது. எல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. "உங்கள் பொருள், நீங்கள் வாடகைக்கு இருந்த இடத்தோடு போய்விடும், போகும்முன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற தகவல் சொந்தக்காரர்கள் பலருக்குப் போயே சேரவில்லை. மின்னஞ்சல் மாறியிருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும். சிலர் உயிரோடு இல்லை.

ஏதென்ஸ் பேட்டைத் தமிழ் வீடு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அவர்கள் உஷார். மதுரைத் திட்டத்துக்குத் தனி முகவரி வந்தது. டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஒரே நூலுக்குப் பல வடிவங்கள், பல இடங்களில் படிகள். அதனால் இன்றைக்கும் படிக்க முடிகிறது. நாடு விட்டு நாடு குடிபெயர்ந்தவர்களுக்கு மூட்டை கட்டுவது புதிதா என்ன.

நான் அவ்வளவு உஷார் இல்லை.

2002. கும்பகோணம், பத்தாம் வகுப்பு. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 25 ரூபாய். நானும் ஒரு பக்கம் கட்டினேன். ஜியோசிட்டீஸில் இல்லை, அதே மாதிரி இடம் கொடுத்த இன்னொரு தளம். பெயர் வேண்டாம், அதுவும் இப்போது கிடையாது. பக்கம் முழுக்க அப்பாவைப் பற்றியது. அப்பா மின்வாரிய ஊழியர், ஆனால் மனசெல்லாம் சிற்றலை ரேடியோவில். ராத்திரி மொட்டை மாடியில் செம்புக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டி, எங்கோ ஒரு நாட்டு நிலையத்தைப் பிடிப்பார். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த அலைவரிசை, இரைச்சல் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு அந்த நிலையத்துக்கே கடிதம் எழுதுவார். கேட்டது உண்மை என்று உறுதிசெய்து அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். கியூஎஸ்எல் அட்டை. மாஸ்கோ, மணிலா, நெதர்லாந்து, ஈக்வடார் மலைமேல் இருந்த ஒரு நிலையம். 31 அட்டைகள். எல்லாவற்றையும் சென்டரில் ஸ்கேன் செய்து, கீழே டிஸ்கியில் குறிப்பு எழுதி ஏற்றினேன். ஸ்கேனுக்கு மட்டும் 310 ரூபாய். அம்மாகிட்ட பொய் சொல்லி வாங்கினது.

பிற்பாடு சென்னைக்கு வந்தோம். முடிச்சூரில் தரைத்தள வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த அட்டைப் பெட்டி கூழாகிவிட்டது. "ஸ்கேன் இருக்கு, கவலைப்படாதீங்கப்பா" என்று நான்தான் தைரியம் சொன்னேன். பிறகு தேடினால் தளமே இல்லை. காப்பகத்தில் தட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் மட்டும் கிடைத்தது. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 31 வெற்றுக் கட்டங்கள். கீழே குறிப்புகள் இருந்தன, ஆனால் தமிழில் இல்லை. தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டு குறி, காப்புரிமைக் குறி என்று ஒரே கலவரம்.

அதைத் தமிழாக்கியது ஒரு முழு ராத்திரி வேலை. பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் இதற்கென்றே உண்டு. ஆனால் நான் அப்போது ரெண்டு எழுத்துருவைக் கலந்து அடித்திருக்கிறேன் போல, பாதியில் உளற ஆரம்பித்தது. கடைசியில் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். எண்ணுக்கு எழுத்து என்று வெறுமனே மாற்றினால் போதாது. டிஸ்கியில் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைத்திருப்பார்கள்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. ஒவ்வொரு கொம்பையும் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு, 2002இல் நான் எழுதிய முதல் வரி திரையில் தமிழாக வந்தது. எழுத்துப்பிழையோடு.

அதை வைக்கத்தான் ராஸ்பெரி பை வாங்கினேன். இனி வாடகை வேண்டாம், சொந்த வீடு என்று ஒரு வீம்பு. எவ்வளவு சொந்தம் என்று சீக்கிரமே தெரிந்தது. வீட்டு இணைய இணைப்பில் எனக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான், வெளியிலிருந்து யாரும் என் கதவைத் தட்ட முடியாது. அதற்காக வெளியே ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து அங்கிருந்து சுரங்கம் போட்டேன். டொமைன் பெயருக்கு வருஷா வருஷம் பணம். ஒரு வருஷம் மறந்துவிட்டு ஒரு வாரம் நகம் கடித்தேன். எஸ்டி கார்டு ஒருமுறை செத்தது. லாக் ஃபைலைப் பார்த்தால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மனிதர்களே இல்லை. என்னிடம் இல்லாத வேர்ட்பிரஸ்ஸின் லாகின் பக்கத்தைத் தேடி அலையும் பாட்கள். ஆக, இப்போதும் வாடகைதான். ஒரு முழுப் படி என் கையில் இருக்கிறது, இன்னொன்று தங்கை வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பக்கம் தயாரானதும் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஏழாவது குறிப்பில் நிறுத்தினார்.

"இது 31 மீட்டர் இல்லடா. 25. அன்னிக்கே தப்பாத்தான் போட்டிருக்க."

திருத்தினேன். இன்னும் கொஞ்சம் கீழே போனார். வெற்றுக் கட்டத்தை விரலால் ரெண்டு முறை தட்டினார், திறக்கும் என்கிற மாதிரி. படம் போயிடுச்சுப்பா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஈக்வடார் கார்டு இருக்கே, பச்சைக் கலரு. பின்னாடி பனி மூடின மலை. வலது ஓரத்துல என் பேரை டைப் அடிச்சிருப்பான், ஸ்பெல்லிங் தப்பா. எழுதிக்க."

எழுதிக்கொண்டோம். இதுவரை 19 அட்டைகள் முடிந்திருக்கின்றன.